காரங்காட்டுக் கழியில் துடுப்புப் போடுகிறவர்கள் வாருங்கள், பேசுவோம்

வைகை வாசி (பரமக்குடி)

எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரத்திலிருந்து தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், தேவிபட்டினத்தைத் தாண்டி இருக்கிற காரங்காட்டைப் பற்றி இங்கே அவ்வப்போது பேச்சு வரும். பெரும்பாலும் படகுச் சவாரி, பறவை, போட்டோ என்று முடிந்துவிடும். கோட்டக்கரை ஆறு கடலில் சேரும் அந்த அலையாத்திக் காட்டில் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து நடத்தும் சுற்றுலாவில் கயாக் என்கிற சிறு துடுப்புப் படகும் உண்டு. கொஞ்ச காலமாக நானும் அலுவலக நண்பர் ஒருவரும் அதற்காகவே அங்கே போகிறோம். அதைப் பேசத்தான் இந்த இழை.

நான் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். மார்ச் முடிந்தால் மூச்சு விடலாம் என்பது பழைய கதை. இப்போது எல்லா மாதமும் மார்ச்தான். ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயில் வரை தூங்கி எழுந்தாலும் அசதி விடாது. ஆனால் காரங்காடு போய் வந்த அன்றைக்குத் தோள் வலிக்கும், முதுகு வலிக்கும், தலை மட்டும் லேசாகிவிடும். ஏன் என்று யோசித்ததில் எனக்குத் தெரிந்த காரணம் இது: கயாக்கில் அடுத்த வீச்சைத் தவிர வேறு எதற்கும் மனதில் இடம் இல்லை. இடப்பக்கம் இழுத்தால் படகு வலப்பக்கம் திரும்பும். காற்று வேறு ஒரு பக்கம் தள்ளும். நினைப்பு ஜிஎஸ்டி பக்கம் போன அடுத்த நொடி, படகின் மூக்கு அலையாத்தி மரக் கிளைக்குள் போய் நிற்கும்.

இன்னொன்று. இருவர் அமரும் கயாக்கில் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். முன்னால் இருப்பவருக்குப் பின்னால் இருப்பவரின் முகம் தெரியாது. என் நண்பர் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர்தான். வருஷக்கணக்காகச் சேர்ந்து டீ குடித்திருக்கிறோம். அவருடைய அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கழிக்குள், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் அந்த ஓடைக்குள், போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் உட்கார்ந்தபடி, தானாகவே சொல்ல ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன். துடுப்பு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது, அவரும் சொல்லிக்கொண்டே வந்தார்.

உங்களில் யாருக்காவது இப்படி ஓய்வும் கூட்டும் ஒன்றாகக் கிடைத்திருக்கிறதா?

நாற்பத்தெட்டு மடை (ஆர்.எஸ். மங்கலம்)

நல்ல பேச்சைத் தொடங்கியிருக்கிறீர்கள் தம்பி. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் எங்கள் ஊருடையது. அது நிறைந்த வருஷங்களில் வாழைத்தண்டைக் கட்டித் தெப்பம் விட்டு வளர்ந்தவன் நான். இப்போது பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகுதான் ஓய்வு இல்லை என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். வீட்டில் சும்மா இருப்பவன் என்று ஊரே வேலை வைக்கும்.

முழங்கால் தேய்மானத்தால் எனக்கு நடைப்பயிற்சி ஒத்துவரவில்லை. கயாக்கில் முழங்காலுக்குச் சுமை கிடையாது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு ஆள் கை கொடுத்தால் போதும். வயதானவர்கள் பயப்படாமல் வரலாம். ரத்த அழுத்தம், இதயத் தொந்தரவு இருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

தொண்டிக் கடலோடி

தம்பி, நீங்கள் ஓய்வு கிடைத்தது என்று எழுதியதைப் படிக்க எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்களுக்கு ஓய்வு தரும் அதே தண்ணீர் எங்களுக்கு வேலை செய்யும் இடம். விடியுமுன்னே நண்டு வலையை விரித்துவிட்டு வந்திருப்போம். வலைக்கு அடையாளம் ஒரு தெர்மாகோல் துண்டு, இல்லையென்றால் மூடி போட்ட பழைய பாட்டில், சில இடத்தில் ஒரு கம்பும் அதில் கட்டிய துணியும்.

ஒரு தடவை வெளியூர்க் கூட்டம் ஒன்று கயாக்கில் வந்து, மிதவையைக் குப்பை என்று நினைத்து இழுத்துவிட்டது. கடலைச் சுத்தம் செய்கிறோம் என்ற நல்ல எண்ணம்தான் அவர்களுக்கு. வலை கிழிந்துவிட்டது. அதைக் கோர்த்து எடுக்க என் அண்ணி வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குள் அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

அதனால் சொல்கிறேன். மிதவைகள் வரிசையாகத் தெரிந்தால் நடுவில் புகாதீர்கள், சுற்றிப் போங்கள். கடற்கரைப் பக்கம் கரைவலை இழுக்கும்போது இரண்டு கயிறும் கரையில் ஆட்கள் கையில் இருக்கும். இடையில் உள்ள தண்ணீர் வெறுமையாகத் தெரியும், ஆனால் வலை அதற்குள்தான் வந்துகொண்டிருக்கும். அந்தப் பக்கமே வரவேண்டாம். வேலை செய்கிறவர்களைப் படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

வைகை வாசி (பரமக்குடி)

அண்ணே, இதை எழுதியதற்கு நன்றி. இதை எல்லோரும் முதலில் படிக்க வேண்டும். நாங்கள் போனதும் கரையில் இருப்பவர்களிடம் இன்றைக்கு வலை எந்தப் பக்கம் கிடக்கிறது என்று கேட்டுக்கொண்டுதான் இறங்குகிறோம். அந்த ஒரு கேள்வியால்தான் அங்கே இரண்டு மூன்று பேர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கமானார்கள்.

தனித்துடுப்பு (கீழக்கரை)

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. வளைகுடா நாட்டில் பல வருஷம் ஒரே அறையில் ஆறு பேரோடு இருந்துவிட்டு வந்தவன் நான். படுக்கை, சாப்பாடு, குளியல் எல்லாம் கூட்டத்தோடு. எனக்கு ஓய்வு என்றால் யாரும் பக்கத்தில் இல்லாமல் இருப்பது. தண்ணீரில் கூடவா ஆள் வேண்டும்? குழுவாகப் போனால் ஒருவர் போனில் பாட்டுப் போடுவார், ஒருவர் செல்ஃபி எடுப்பார், அமைதி போய்விடும். தனி கயாக், தனித் துடுப்பு, அதுதான் எனக்கு வேண்டும்.

நாற்பத்தெட்டு மடை (ஆர்.எஸ். மங்கலம்)

தம்பி, ஆறு பேர் அறையில் இருந்தவருக்குத் தனிமை எவ்வளவு பெரிய சொத்து என்று புரிகிறது. அதை யாரும் உங்களிடமிருந்து பிடுங்க வேண்டாம். ஆனால் தண்ணீரில் ஒருவர் மட்டும் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அரியமான் அலை (உச்சிப்புளி)

இந்தப் பக்கம் துடுப்புப் போடக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். கீழக்கரை அண்ணனுக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

அண்ணே, குழுவாகப் போவது என்றால் ஒட்டிக்கொண்டு போவது என்று பொருள் இல்லை. ஆளுக்கு ஒரு தனி கயாக். விசில் ஊதினால் காதில் விழும் தூரம். அவ்வளவுதான் கட்டுப்பாடு. லைஃப் ஜாக்கெட்டில் விசில் தொங்கவேண்டியது அதற்காகத்தான். நடுவில் பேசவே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகும் குழுக்கள் இருக்கின்றன. பாட்டுப் போடுவதை நானும் அனுமதிப்பதில்லை. பறவைகள் எழுந்து போய்விடும்.

ஏன் தனியாகப் போகக்கூடாது என்பதற்குக் காற்றுதான் காரணம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், அதாவது வைகாசி முடிந்து ஆவணி வரை, மன்னார் வளைகுடாப் பக்கம் அலை அடிக்கும். காரங்காடு இருக்கிற பாக் நீரிணைப் பக்கமோ கரையோரம் ஒரு சுருக்கம் கூட இருக்காது. பார்க்க ஆசையாக இருக்கும், புதியவர்கள் இறங்கிவிடுவார்கள். ஆனால் அப்போது காற்று நிலத்திலிருந்து கடல் பக்கம் வீசுகிறது. போகும்போது முதுகைத் தள்ளிக்கொடுக்கும், நமக்கு நல்ல பலம் இருக்கிறது என்று தோன்றும். திரும்பும்போதுதான் எதிர்க்காற்று என்பது தெரியும். இரண்டு வீச்சு முன்னால் போனால் ஒரு வீச்சு பின்னால் தள்ளும். கழிக்குள் மரங்கள் காற்றைத் தடுத்துக்கொள்ளும், முகத்துவாரத்தைத் தாண்டினால் தடுப்பு இல்லை. வாடைக் காலத்தில், ஐப்பசி முதல் மார்கழி வரை, இது தலைகீழ்: பாக் நீரிணையில் கொந்தளிப்பு, புயல் வரும் பருவமும் அதுதான். அப்போது இந்தப் பக்கம் கடலுக்கு வரவே வேண்டாம். தை பிறந்து பங்குனி வரை நல்ல காலம். எந்த மாதமானாலும் காலையில் இறங்கி வெயில் ஏறுமுன் கரைக்கு வந்துவிடுங்கள். பிற்பகலில் கடற்காற்று வலுக்கும்.

அசதியில்லாமல் துடுப்புப் போடுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், வைகை வாசி அண்ணன் தோள் வலி என்று எழுதியிருந்தார். கையால் இழுத்தால் தோள் வலிக்கத்தான் செய்யும். துடுப்பின் இலையைக் கால்விரல் பக்கத்தில் தண்ணீரில் இறக்கி, இடுப்பைத் திருப்புங்கள். இடுப்பு வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் பின்னால் இழுப்பதில் பயன் இல்லை, படகு கோணலாகத்தான் போகும். வலப்பக்கம் இழுக்கும்போது வலது காலால் மிதியுங்கள். பிடி தளர்வாக இருக்கட்டும். உள்ளங்கை கொப்புளிப்பவர்கள் எல்லோரும் துடுப்பை நெரித்துப் பிடிப்பவர்கள்தான்.

இருவர் கயாக்கில் முன்னால் இருப்பவர் தாளம், பின்னால் இருப்பவர் திசை. பின்னவர் முன்னவரின் வேகத்துக்கு இறங்கி வரவேண்டும், இல்லையென்றால் இரண்டு துடுப்பும் மோதிக்கொள்ளும். கணவன் மனைவி வந்தால் முதல் கால் மணி நேரம் இந்த மோதல் சத்தம்தான் கேட்கும். அப்புறம் ஒருவர் விட்டுக்கொடுப்பார், சத்தம் நின்றுவிடும்.

களைத்துப் போனால் தனித்தனியாக நிற்காதீர்கள். இரண்டு மூன்று கயாக்குகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து, துடுப்புகளைக் குறுக்கே எல்லோர் மடியிலும் வைத்து, அடுத்த படகின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கயாக் ஆடும் ஆட்டம் இதற்கு இருக்காது. அப்படி நின்றுதான் தண்ணீர் குடிக்க வேண்டும், தொப்பி மாற்ற வேண்டும், கைக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்க வேண்டும். அறிமுகமே இல்லாதவர்கள் கூட அந்த நேரத்தில் ஒருவர் படகை ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஆரஞ்சு உரித்து நீட்டுவார்கள். நான் பார்த்த வரையில் ஒரு குழு பழகிப்போவது அங்கேதான், கரையில் இல்லை.

சேதுச்சீமைக்காரி (சென்னை)

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது வரவேண்டும் என்று ஆசை. எனக்கு நீச்சல் தெரியாது. வரலாமா? தயவுசெய்து நேராகச் சொல்லுங்கள்.

அரியமான் அலை (உச்சிப்புளி)

வரலாம் அக்கா. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது, நீச்சல் தெரிந்தவர்களுக்கும் அதே விதிதான். கொக்கி எல்லாம் மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறி வந்தால் அது உங்கள் அளவு இல்லை, வேறு கேளுங்கள். முதல் வேலையாக இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே ஒருமுறை கவிழ்ந்து பாருங்கள். கவிழ்ந்தால் படகை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், படகு மிதக்கும். அந்தப் பயம் ஒருமுறை தெளிந்துவிட்டால் பிறகு உட்காரும் விதமே மாறிவிடும்.

இரவுப்பணி (ராமநாதபுரம்)

வெகுநாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இந்த இழையில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் செவிலியர். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி. அங்கே இயந்திரங்கள் விடாமல் சத்தம் போடும். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பொருள் உண்டு, ஒன்றையும் அலட்சியம் செய்ய முடியாது. காலையில் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாலும் காதுக்குள் அது ஒலித்துக்கொண்டே இருக்கும். குக்கர் விசில் அடித்தால் எழுந்து ஓடுவேன். தூக்க மாத்திரை வேண்டாம் என்று எனக்கு நானே உறுதி எடுத்திருந்தேன்.

என்னோடு வேலை செய்பவர்கள் வற்புறுத்திக் காரங்காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். ஆட்கள் எண்ணிக்கை ஒற்றையாக இருந்ததால் எனக்கு ஜோடி இல்லை. அந்த ஊர் அக்கா ஒருவர் நான் வருகிறேன் என்று பின்னால் ஏறிக்கொண்டார். நான் வேகமாகத் துடுப்புப் போட்டேன். எனக்கு எதையும் வேகமாகச் செய்துதான் பழக்கம். கொஞ்ச தூரம் போனதும் அவர், “துடுப்ப மடியில வை தாயி. தண்ணி எறங்குது, அதுவே கொண்டு போகும்” என்றார். வைத்தேன். படகு உண்மையிலேயே தானாகப் போனது. வற்று நீரோடு, நடக்கும் வேகத்தை விடவும் மெதுவாக.

நான் ஒன்றும் செய்யாமல் இருந்தும் எதுவும் கெட்டுப்போகவில்லை. என் வேலையில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அழுகை வந்தது. அக்காவுக்கு என் முதுகுதான் தெரிந்திருக்கும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கரையோரமாகக் கொண்டுபோய் ஒரு இலையைப் பறித்து முன்னால் நீட்டி, நக்கிப் பார் என்றார். உப்புக் கரித்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இலையின் மேல் பொடிப்பொடியாக உப்பு பூத்திருக்கிறது. வேர் உறிஞ்சிய தண்ணீரில் வந்த உப்பை அந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுமாம். சேற்றில் பென்சில் நட்டு வைத்தது போல் ஆயிரக்கணக்கில் மூச்சு வேர்கள் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவில் ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள நண்டுகள், அந்தக் கொடுக்கைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தன. அவை வளைக்குள் ஓடாமல் இருக்கும்வரை நாம் சரியான வேகத்தில் போகிறோம் என்று அக்கா சொன்னார்.

அன்று பகலில் நன்றாகத் தூங்கினேன். அந்த அக்காவும் நானும் இன்று வரை பேசிக்கொள்கிறோம். அவர் மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் நான் போட்டுக்கொடுத்தேன். அவர் எனக்குக் கருவாடு கொடுத்துவிடுவார். கீழக்கரை அண்ணனுக்கு: நானும் தனிமையைத் தேடித்தான் போனேன். பின்னால் ஒருவர் இருந்ததால்தான் என்னால் துடுப்பைக் கீழே வைக்க முடிந்தது.

தனித்துடுப்பு (கீழக்கரை)

சகோதரி, உங்கள் பதிவை வீட்டில் வாசித்துக் காட்டினேன். விசில் தூரம் என்றால் எனக்கும் சம்மதம்.

ஒரு சந்தேகம். எங்கள் கீழக்கரைப் பக்கம் தீவுகள் இருக்கின்றனவே, அப்பாத் தீவு, தலையாரித் தீவு என்று. கயாக்கில் அங்கே போய்வர முடியுமா?

தொண்டிக் கடலோடி

போகக்கூடாது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா, 1986ல் அறிவித்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் கரையேறினால் வழக்கு வரும். சட்டத்தை விடுங்கள், சுற்றிலும் பவளப்பாறை. நீர் வற்றிய நேரத்தில் படகின் அடி உரசினால் பாறையும் போகும், படகும் போகும். பாசிப்புல் படுகைகள் கடல்பசு மேயும் இடம். பேசாமல் கழிக்கே வாருங்கள்.

அப்புறம், கையில் ஆதார் அட்டை வைத்துக்கொள்ளுங்கள். இது எல்லைக் கடல். கடலோரக் காவல் ஆட்கள் கேட்டால் காட்ட வேண்டும்.

வைகை வாசி (பரமக்குடி)

கயாக் என்று சொன்னால் எங்கள் ஊரில் வைகையில் விடேன் என்கிறார்கள். பரமக்குடிப் பாலத்தடியில் வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலும் முள்ளும்தான். தண்ணீர் வந்தாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போகும், போகத்தான் வேண்டும், விவசாயம் இருக்கிறது. ஆனால் ஆற்றங்கரை ஊரில் வைகை கடல் சேரும் இடத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பக்கத்து அழகன்குளத்தில் அகழாய்வு செய்தபோது ரோமானியக் காசும் மட்பாண்டமும் கிடைத்தன. அந்த முகத்துவாரத்தில் எத்தனை நாட்டுப் படகோட்டிகள் துடுப்பை மடியில் வைத்து இளைப்பாறியிருப்பார்கள் என்று யோசித்தால் மனசு நிறைகிறது. அங்கேயும் ஊர்மக்களைக் கொண்டே இப்படி ஒரு ஏற்பாடு வரவேண்டும் என்பது என் ஆசை.

சேதுச்சீமைக்காரி (சென்னை)

செவிலியர் அக்காவின் பதிவைப் படித்த பிறகு டிக்கெட் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் வருகிறேன். எந்த நாள் புதியவர்களுக்கு நல்லது?

தொண்டிக் கடலோடி

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் ஓட்டம் இழுக்கும். அட்டமி, நவமியில் ஓட்டம் மந்தமாக இருக்கும். காலண்டரைப் பார்த்து அட்டமிக்குப் பக்கத்தில் ஒரு நாளைப் பிடியுங்கள். சொறி மீன் (ஜெல்லி மீன்) வரத்து இருந்தால் நான் முந்தின நாளே சொல்லிவிடுகிறேன், அது பட்டால் அரிப்பு தாங்காது. முழுக்கைச் சட்டை போட்டு வாருங்கள். ஊரில் முன்கூட்டிச் சொன்னால் மீன் குழம்போடு சாப்பாடு ஏற்பாடு செய்வார்கள், எத்தனை பேர் என்று மட்டும் சொல்லுங்கள். நானும் வருகிறேன். எனக்குக் கயாக் புதிது, வள்ளத்தில்தான் பழக்கம். யாராவது முன்னால் உட்கார வேண்டும்.

இரவுப்பணி (ராமநாதபுரம்)

அண்ணே, நான் உட்காருகிறேன். வேகமாகப் போட மாட்டேன்.

நாற்பத்தெட்டு மடை (ஆர்.எஸ். மங்கலம்)

என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பனங்கிழங்கு அவித்துக்கொண்டு வருகிறேன். கீழக்கரைத் தம்பி தனிக் கயாக்கில் வரட்டும், ஆனால் நடுவில் படகுகளைச் சேர்த்து நிறுத்தும்போது பக்கத்தில் வந்துவிட வேண்டும். கிழங்கை வீசி எறிய முடியாது.

தனித்துடுப்பு (கீழக்கரை)

வந்துவிடுகிறேன் சார். எங்கள் ஊர் இனிப்பு, தொதல், கொண்டு வருகிறேன்.

வைகை வாசி (பரமக்குடி)

அட்டமியை ஒட்டி அடுத்த மாதம் ஒரு ஞாயிறு வருகிறது, தேதியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். பரமக்குடியிலிருந்து வண்டி எடுக்கிறேன், ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் இரண்டு பேரை ஏற்றிக்கொள்ள இடம் உண்டு. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் வெயிலுக்கு முன் இறங்க முடியும். வருகிறவர்கள் இங்கேயே எழுதிவிடுங்கள், சாப்பாட்டுக்கு எண்ணிக்கை சொல்ல வேண்டும்.